'பீம்' தெரியும், 'பிம்' தெரியுமா?

நாகரசம்பட்டியில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சுவர் எழும்பிவிட்டது. பூச்சு முடிந்துவிட்டது. வெள்ளையும் அடித்தாகிவிட்டது. புதுமனை புகுவிழாவுக்கு நாளும் குறித்தாயிற்று.

அப்போது பிளம்பர் வருகிறார். "குளியல் அறைக் குழாய் இந்தப் பக்கமாகப் போகவேண்டும். சுவரை உடைக்கவேண்டும்" என்கிறார். உடைக்கிறார். குழாயைப் பதித்துவிட்டுப் போகிறார்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வருகிறார். அவரும் அதே சுவரை உடைக்கிறார். உள்ளே நேற்று பதித்த குழாய் குறுக்கே நிற்கிறது!

கொத்தனார் மறுபடியும் வருகிறார். மறுபடியும் பூச்சு. மறுபடியும் கூலி. வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருகிறார்.

இது யார் குற்றம்?

தனியாக ஒருவர் மேல் பழி போட முடியாது. கொத்தனார் தன் வேலையை ஒழுங்காகச் செய்தார். பிளம்பரும் செய்தார். எலக்ட்ரீஷியனும் செய்தார். ஆனால், மூன்று பேரும் வேலை தொடங்கும் முன்பு ஒன்றாக உட்கார்ந்து ஒரே பிளானைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான்!

ஒரு வீட்டில் இப்படி நடந்தால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். ஒரு பெரிய தொழிற்சாலையில் நடந்தால்? அங்கே தலைக்கு மேலே காற்றுக் குழாய் போகும். தீயணைப்புக் குழாய் போகும். மின்சாரக் கேபிள் போகும். கழிவுநீர்க் குழாய் போகும். இவை எல்லாம் பீம்களுக்கும் தூண்களுக்கும் நடுவே வழி தேடிப் போகவேண்டும். ஒன்று இடித்தால் எல்லா வேலையும் நிற்கும். நஷ்டம் கோடிக்குப் போகும்.

இந்தத் தொல்லைக்கு ஒரு பரிகாரம் வந்திருக்கிறது. அதன் பெயர் 'பிம்'.

கொத்தனார்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் 'பீம்' நன்றாகத் தெரியும். கூரையின் பாரத்தைத் தாங்கும் உத்திரம் அது. 'பிம்' வேறு. அதையும் இப்போது தெரிந்துகொள்ளவேண்டிய காலம் வந்துவிட்டது.

'பிம்' என்றால் என்ன?

'பில்டிங் இன்பர்மேஷன் மாடலிங்' என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கமே 'பிம்'. 'கட்டிடத் தகவல் மாதிரி' என்று தமிழில் சொல்லலாம்.

கட்டிடத்தை மண்ணில் கட்டுவதற்கு முன்பு, கம்ப்யூட்டரில் முழுதாகக் கட்டிப் பார்ப்பதுதான் 'பிம்'.

"பிளானைத்தான் கம்ப்யூட்டரில் எப்போதோ போட்டுவிட்டார்களே!" என்று கேட்கலாம். அது வேறு, இது வேறு. சாதாரண பிளானில் இருப்பது கோடு. அது சுவர் என்று பார்க்கிற மனிதனுக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதற்கு அது வெறும் கோடுதான்.

'பிம்' மாதிரியில் ஒரு தூணைத் தொட்டால், அந்தத் தூணே தன் ஜாதகத்தைச் சொல்லும். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, என்ன கான்கிரீட், எத்தனை கம்பி, எந்தத் தேதியில் கான்கிரீட் போடவேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு ஜன்னலைப் பெரிதாக்கினால், செங்கல் கணக்கு தானாகவே குறையும்.

முக்கியமான பயன் இன்னொன்று உண்டு. குழாயும் பீமும் இடிக்கிற இடங்களைக் கம்ப்யூட்டரே தேடிப் பிடித்துப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். கம்ப்யூட்டரில் குழாயை நகர்த்த ஒரு நிமிஷம் போதும். கான்கிரீட் இறுகிய பிறகு நகர்த்தவேண்டுமானால், உளியும் சுத்தியலும் வேண்டும்!

நேற்று முளைத்தது அல்ல

'பிம்' நேற்றுத் திடீரென்று முளைத்தது அல்ல. அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த சார்லஸ் ஈஸ்ட்மன், 1975-ம் ஆண்டிலேயே இந்த யோசனையை எழுதினார். ஒரு கட்டிடத்தைப் பற்றிய எல்லா விவரமும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும், ஓர் இடத்தில் திருத்தினால் எல்லாப் படங்களிலும் திருந்தவேண்டும் என்பது அவர் எண்ணம்.

1980-களில் ஹங்கேரி நாட்டுக் கம்பெனி ஒன்று 'ஆர்க்கிகேட்' என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் 'ரெவிட்' வந்தது. 2002-ல் அதை 'ஆட்டோடெஸ்க்' கம்பெனி விலைக்கு வாங்கியது. அதன் பிறகு 'பிம்' உலகம் முழுவதும் பரவியது.

சிங்கப்பூரில் கட்டாயம்

தமிழ்நாட்டிலிருந்து கட்டிட வேலைக்குச் சிங்கப்பூர் போனவர்கள் ஏராளம். அந்தச் சிங்கப்பூரில் 'பிம்' கட்டாயம் ஆகிவிட்டது. 2013-ம் ஆண்டில் பெரிய கட்டிடங்களில் இதைத் தொடங்கினார்கள். 2015-ல் இருந்து, 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதுக் கட்டிடம் எதுவானாலும், அரசாங்க அனுமதிக்கு 'பிம்' மாதிரியைக் கொடுக்கவேண்டும் என்று ஆக்கினார்கள். 5,000 சதுர மீட்டர் என்பது சுமார் 54 ஆயிரம் சதுர அடி. நடுத்தரமான ஒரு தொழிற்சாலைக் கட்டிடமே அவ்வளவு இருக்கும்.

பிரிட்டனில் 2011-ல் அறிவிப்புச் செய்து, ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்து, 2016-ல் மத்திய அரசாங்கக் கட்டிட வேலைகளுக்குக் கட்டாயம் ஆக்கினார்கள்.

இந்தியாவிலும் பெரிய வேலைகளில் 'பிம்' நுழைந்துவிட்டது. நாகபுரி மெட்ரோ ரெயில் திட்டத்தில் கட்டிட மாதிரியோடு கால அட்டவணையையும் செலவுக் கணக்கையும் சேர்த்து இணைத்தார்கள். எந்தத் தூண் எப்போது எழும், அதற்கு எவ்வளவு பணம் ஆகும் என்று மாதிரியிலேயே பார்க்கலாம். அந்த மெட்ரோவின் முதல் கட்டம் முழுவதும் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது.

நாகரசம்பட்டிக்கு என்ன சம்பந்தம்?

"சிங்கப்பூர் கதை நமக்கு எதற்கு?" என்று நாகரசம்பட்டியில் ஒரு பெரியவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தை மாம்பழ மாவட்டம் என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். மாந்தோப்பு இன்றும் இருக்கிறது. ஆனால், தோப்புக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலையும் வந்துவிட்டது.

முதலில் வளர்ந்தது ஓசூர். கர்நாடக எல்லையில், பெங்களூருக்குப் பக்கத்தில் இருப்பது அதற்கு வசதி. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய தொழிற்சாலைகள் வந்தன. பிறகு டாடா எலக்ட்ரானிக்ஸ் வந்தது.

நாகரசம்பட்டி இருக்கும் போச்சம்பள்ளி தாலுகாவிலேயே, 500 ஏக்கரில் 'ஓலா' மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. 2021 தொடக்கத்தில் கட்டுமான வேலை ஆரம்பம். அதே ஆண்டு டிசம்பரில் ஸ்கூட்டர்கள் வாங்கியவர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன!

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2024 ஜூனில் முதல்-அமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார். ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் வந்து போகும் அளவுக்குத் திட்டம்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். இந்த வட்டாரத்தில் இனிமேல் கட்டப்போகும் கட்டிடங்கள் பெரியவை. அவசரமானவை. உள்ளே எந்திரமும் குழாயும் கேபிளும் நிறைந்தவை. இப்படிப்பட்ட கட்டிடத்தைக் கட்டித் தரச் சொல்லும் முதலாளி, காண்டிராக்டரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார்:

"உங்களிடம் 'பிம்' உண்டா?"

"உண்டு" என்பவருக்கு நேரடி காண்டிராக்ட் கிடைக்கும். "இல்லை" என்பவர், அவருக்குக் கீழே சப்-காண்டிராக்ட் எடுப்பார். அவருக்கும் கீழே இன்னொருவர். கீழே போகப் போகக் கூலி குறையும். இதுதான் நாகரசம்பட்டிக்கும் 'பிம்'முக்கும் உள்ள சம்பந்தம்.

சர்ட்டிபிகேட் மட்டும் போதுமா?

சரி, கம்பெனி என்ன செய்யவேண்டும்? பயிற்சி கொடுக்கவேண்டும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்.

வழக்கமாக நடப்பது இது. இரண்டு இளம் என்ஜினீயர்களைப் பெங்களூரில் ஒரு வகுப்புக்கு அனுப்புவார்கள். சில வாரம் படித்துவிட்டு, சர்ட்டிபிகேட்டோடு திரும்பி வருவார்கள். கம்பெனியில் இனிப்பு கொடுப்பார்கள். மறுநாள் காலையில் பழைய பிளானையே அவர்கள் கையில் கொடுத்து, "சைட்டுக்குப் போ" என்பார்கள்.

மூன்று மாதத்தில் படித்தது மறந்துவிடும். மறக்காதவர், அதிகச் சம்பளத்துக்கு வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். முதலாளிக்குப் பணமும் போயிற்று, ஆளும் போயிற்று!

நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படிக்க முடியுமா? கிணற்றில் இறங்கவேண்டும். அதுபோல, கம்பெனி தன் சொந்த வேலையையே பள்ளிக்கூடமாக ஆக்கவேண்டும். ஒரு சின்னக் கட்டிடம் போதும். தொழிற்சாலையின் கேன்டீனாக இருக்கலாம். ஆபீஸ் கட்டிடமாக இருக்கலாம். அதை மட்டும் 'பிம்' முறையில் கட்டுவது என்று முடிவு செய்யவேண்டும்.

பிளான் போடுகிறவர், சைட் என்ஜினீயர், பில் கணக்குப் பார்க்கிறவர், மின்சாரம்-குழாய் வேலைக்காரர் ஆகிய நான்கு பேரும் வாரம் ஒரு நாள் ஒரே திரைக்கு முன்னால் உட்காரவேண்டும். இடிக்கிற இடங்களின் பட்டியலை எடுத்து, யார் நகர்வது என்று தீர்க்கவேண்டும்.

அதற்கும் ஒரு முறை உண்டு. கழிவுநீர்க் குழாய் சரிவாகத்தான் போகவேண்டும். சரிவு கெட்டால் நீர் ஓடாது. ஆகவே, அதற்கு முதல் மரியாதை. கேபிள் வளைந்து போகும். ஆகவே, அது விட்டுக் கொடுக்கவேண்டும். இப்படிப் பத்து இடங்களைத் தீர்த்துவிட்டால், பதினோராவது இடத்தில் பாடம் தானாகவே மனதில் பதிந்துவிடும்.

முதலாளியும் உட்காரவேண்டும்

இந்தக் கூட்டத்தில் முதலாளியும் உட்காரவேண்டும்.

காரணம் இருக்கிறது. முதல் வேலை மெதுவாகத்தான் நடக்கும். பழக்கம் இல்லாத கையால் மாதிரி செய்ய நேரம் பிடிக்கும். "பழைய பிளானிலேயே போயிருந்தால் இந்நேரம் அஸ்திவாரம் முடிந்திருக்குமே!" என்று ஒருவர் முணுமுணுப்பார். விஷயம் தெரியாத முதலாளி அதைக் கேட்டு, பயிற்சியை நிறுத்திவிடுவார். விஷயம் தெரிந்த முதலாளி பொறுத்துக்கொள்வார்.

செலவும் உண்டு. நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். மென்பொருளுக்கு ஆண்டுதோறும் சந்தா கட்டவேண்டும். சின்னக் கம்பெனிகளுக்கு இது பாரம்தான். ஆனால், மாதிரியைத் திறந்து பார்ப்பதற்கு மட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாதிரி செய்கிறவர் ஒருவர், பார்க்கிறவர் இருபது பேர் என்று வைத்துக்கொண்டால் செலவு கட்டுக்குள் நிற்கும்.

இன்னொரு பழக்கமும் மாறவேண்டும். ஒரே பிளானைப் 'பைனல்', 'புது பைனல்', 'கடைசி பைனல்' என்று மூன்று பெயரில் வைத்திருப்பார்கள். எது உண்மையான கடைசி என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்! எந்தப் படத்தை யார் ஒப்புக்கொண்டார், எது இன்று செல்லும் என்று ஒழுங்கு வைக்க, 'ஐ.எஸ்.ஓ. 19650' என்ற சர்வதேச விதி 2018-ல் வந்தது. மென்பொருள் பழகுவதற்கு முன்பு, இந்த ஒழுங்கைப் பழகவேண்டும்.

530 கிலோ மீட்டர் ஒயர்!

ஒழுங்கு தவறினால் என்ன ஆகும்? பெரிய கம்பெனியும் தப்பாது என்பதற்கு ஒரு கதை உண்டு.

உலகத்திலேயே மிகப் பெரிய பயணி விமானம் 'ஏர்பஸ் ஏ-380'. அதன் பாகங்களை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்திலும், பிரான்ஸ் நாட்டில் துலூஸ் நகரத்திலும், வேறு இடங்களிலும் செய்தார்கள். துலூசில் சேர்த்துப் பூட்டினார்கள்.

ஒரு விமானத்துக்கு வேண்டிய ஒயர் சுமார் 530 கிலோ மீட்டர். ஜெர்மனியில் செய்த ஒயர்க் கட்டுகளைத் துலூசில் பொருத்திப் பார்த்தார்கள். பொருந்தவில்லை! பல இடங்களில் நீளம் போதவில்லை.

காரணம் என்ன? இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே மென்பொருளைத்தான் வைத்திருந்தார்கள். ஆனால், ஒரு பக்கம் பழைய பதிப்பு. மறு பக்கம் புதிய பதிப்பு. ஒருவர் மாதிரி மற்றவர் மாதிரியோடு சரியாகப் பேசவில்லை. 2006-ல் வந்திருக்கவேண்டிய முதல் விமானம், 2007 அக்டோபரில்தான் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்குக் கிடைத்தது.

உலகப் புகழ் பெற்ற என்ஜினீயர்களுக்கே இந்தக் கதி! எந்திரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், எல்லோரும் ஒரே முறையில் பழகாவிட்டால் பயன் இல்லை. கம்பெனிக்குள் எல்லோருக்கும் பயிற்சி வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

மேஸ்திரியை மறக்காதே!

எல்லோரும் என்றால் யார் யார்? ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பவர்கள் மட்டுமா?

மேஸ்திரியையும் சேர்க்கவேண்டும். கம்பி கட்டுபவரையும் சேர்க்கவேண்டும். சென்ட்ரிங் அடிப்பவரையும் சேர்க்கவேண்டும்.

அவர்கள் மென்பொருள் படிக்கவேண்டியதில்லை. செல்போனில் மாதிரியைத் திறந்து, விரலால் திருப்பிப் பார்க்கத் தெரிந்தால் போதும். அதைச் சில நாட்களில் பழக்கிவிடலாம். செல்போனில் சினிமா பார்க்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டம் இல்லை.

இந்த எல்லை வட்டாரத்துக்கு இதில் ஒரு தனி நன்மையும் உண்டு. ஓசூர்ப் பக்கத்தில் ஒரு சைட்டில் தமிழ் பேசுகிறவர் இருப்பார். தெலுங்கு பேசுகிறவர் இருப்பார். கன்னடக்காரர் இருப்பார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் இந்தி பேசுவார்கள். என்ஜினீயர் ஒன்று சொல்ல, மேஸ்திரி ஒன்று புரிந்துகொள்ள, வேலை வேறொன்றாக முடிவது அங்கே சாதாரணம். படத்துக்குப் பாஷை இல்லை. திரையில் தூணைத் திருப்பிக் காட்டினால், நான்கு பாஷைக்காரரும் ஒன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

மேஸ்திரியிடமிருந்து கம்ப்யூட்டர்காரர் கற்கவேண்டியதும் இருக்கிறது. "இந்த மூலையில் இத்தனை கம்பியைத் திணித்தால் கான்கிரீட் எப்படி உள்ளே இறங்கும்?" என்று மேஸ்திரி கேட்பார். "குழாயைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டாயே, ஸ்பேனரை எங்கே நுழைப்பது?" என்று பிளம்பர் கேட்பார். திரையில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கையை நுழைத்துப் பார்த்தவருக்குத்தான் சங்கடம் தெரியும்.

சைட்டில் செய்த மாறுதல் ஒவ்வொன்றும் மாதிரிக்குத் திரும்பிப் போகவேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் மேஸ்திரி ஒருவர்தான். அவர் சொல்லாவிட்டால், கம்ப்யூட்டரில் ஒரு கட்டிடமும் மண்ணில் வேறொரு கட்டிடமும் நிற்கும்!

வேலை போகுமா?

"புது எந்திரம் வந்தால் பழைய ஆளுக்கு வேலை போய்விடுமே!" இந்தப் பயம் பலருக்கு இருக்கிறது. பயத்தில் நியாயமும் இருக்கிறது.

ஒரு காலத்தில் டிராயிங் போர்டில் பிளான் வரைந்தவர்கள் இருந்தார்கள். டிரேசிங் தாளும் இங்க் பேனாவும்தான் அவர்கள் ஆயுதம். கம்ப்யூட்டரில் பிளான் போடும் முறை வந்தது. கற்றுக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். கற்காதவர்கள் வேறு தொழிலுக்குப் போனார்கள். இப்போது, கம்ப்யூட்டரில் கோடு மட்டும் போடத் தெரிந்தவர்களுக்கு அந்த நிலைமை வந்திருக்கிறது.

ஆனால், போகும் வேலையை மட்டும் பார்க்கக்கூடாது. வரும் வேலையையும் பார்க்கவேண்டும். வெளிநாட்டுக் கட்டிடங்களுக்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் உட்கார்ந்து மாதிரி செய்து கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. வெயிலில் நிற்கவேண்டியதில்லை. சாரம் ஏறவேண்டியதில்லை. கட்டிடத் துறைக்குப் பெண்களை அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்கு, இது ஒரு புது வாசல்.

நாற்பது வயதான ஓவர்சீயரை "உனக்கு இது வராது" என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது பெரும் நஷ்டம். அவருக்குக் கட்டிடம் தெரியும், கம்ப்யூட்டர் தெரியாது. இளைஞனுக்குக் கம்ப்யூட்டர் தெரியும், கட்டிடம் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைக்கும் கம்பெனிதான் புத்திசாலிக் கம்பெனி.

பொய் சொன்னால்?

'பிம்' வந்தால் எல்லாக் குறையும் தீர்ந்துவிடுமா? தீராது.

2014 ஜூன் 28-ந் தேதி, சென்னையை அடுத்த மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டிடம் இடிந்து விழுந்தது. 61 பேர் மாண்டார்கள். பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள் பலர் அதில் மடிந்தார்கள். பக்கத்தில் இருந்த இன்னொரு 11 மாடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தச் சோகத்தைத் தமிழ்நாடு மறக்காது.

மண்ணைச் சோதிக்காமல், "மண் கெட்டியானது" என்று கம்ப்யூட்டரில் எழுதினால், கம்ப்யூட்டர் நம்பிவிடும். பத்துக் கம்பி போடவேண்டிய இடத்தில் ஆறு கம்பி போட்டுவிட்டு, பத்து என்று பதிவு செய்தால், அதையும் நம்பிவிடும். தவறுதலாக நேரும் பிழையை 'பிம்' கண்டுபிடிக்கும். வேண்டுமென்றே செய்யும் மோசடியைத் தானாகக் கண்டுபிடிக்காது. அதற்கு நேர்மையான என்ஜினீயர் வேண்டும். கேள்வி கேட்கும் மேஸ்திரி வேண்டும். சோதிக்கும் அதிகாரி வேண்டும்.

ஆகவே, பயிற்சியின் முதல் பாடம் மவுஸ் பிடிப்பது அல்ல. உள்ளதை உள்ளபடி எழுதுவது!

மகன் என்ன படிக்கிறான்?

நாகரசம்பட்டியிலும் போச்சம்பள்ளியிலும் காவேரிப்பட்டணத்திலும் மகனையோ மகளையோ சிவில் டிப்ளமா படிக்க அனுப்பிய பெற்றோர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கல்லூரியில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: "பிள்ளைகளுக்கு 'பிம்' சொல்லிக்கொடுக்கிறீர்களா?"

வேலைக்குச் சேரும் பிள்ளை கம்பெனியில் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று: "இங்கே உள்ளேயே பயிற்சி உண்டா?" முதல் மாதச் சம்பளத்தைவிட அந்தப் பதில் முக்கியம். சம்பளம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கற்ற தொழில் கையோடு இருக்கும்.

கம்பெனி முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. ஆளுக்குப் பயிற்சி கொடுத்தால் ஓடிவிடுவான் என்று பயப்படுகிறீர்கள். பயிற்சி கொடுக்காத ஆள் ஓடமாட்டான், உங்களோடே இருப்பான். அவன் கட்டிய சுவரை உடைத்து உடைத்துக் கட்டவேண்டியிருக்கும். எது அதிக நஷ்டம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்!

தொழிற்சாலைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றைக் கட்டப் போகிறவர்கள் யார்? தூரத்து ஊர்க் கம்பெனிகள் கட்ட, நாகரசம்பட்டிக்காரர் மண் சுமப்பதா? அல்லது, நாகரசம்பட்டிப் பிள்ளையே மாதிரி செய்து, நாகரசம்பட்டி மேஸ்திரியே அதைப் பார்த்துக் கட்டுவதா?

பீமைத் தூக்கி நிறுத்தக் கற்ற கைகளுக்கு, 'பிம்' ஒன்றும் பாரம் அல்ல. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். அவ்வளவுதான்!